ஆள்காட்டிக் குருவி வாய் திறக்காத வெள்ளிக்கிழமை

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் மனிதரோடு ஒரே பேச்சைப் பேசி, மனிதரைப் போலவே வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆள்காட்டிக் குருவி மரத்தில்தான் குடியிருந்தது. இன்றைக்கு அது கட்டாந்தரையில் முட்டையிட்டுவிட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறதே, அந்தப் பிழைப்பு அப்போது இல்லை. பெயரும் வேறு. காவற்குருவி என்பார்கள். மரியாதையாகவே சொல்வார்கள்.

அது இருந்த ஊர் முள்ளித்துறை. கடலை நம்பிப் பிழைக்கிற வேதக்காரர்களின், கிறிஸ்தவர்களின் ஊர். நடுவில் ஓலை வேய்ந்த கோவில், கிழக்கே கடல், மேற்கே ஒரு மணல்மேடு. மேட்டின் தலையில் ஒரு புன்னைமரம். அந்த மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்தால் தூரத்துப் பனங்காடுவரை வெட்டவெளியாகத் தெரியும்.

பனங்காட்டுக்கு அந்தப் பக்கமிருந்துதான் குதிரைக்காரர்கள் வருவார்கள். எந்த ராசாவின் ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது. கொள்ளையடிக்க வருகிறவனிடம் யார் போய் ஊர்பேர் விசாரிப்பது? மழை முடிந்து தரை இறுகினால் வருவார்கள். வீட்டைக் கொளுத்துவார்கள், கருவாட்டைக்கூட விடமாட்டார்கள், வயசுப் பிள்ளைகளைக் கயிற்றில் கோத்து எங்கோ கொண்டுபோய் விற்றுவிடுவார்கள். தப்பிக்க ஒரே வழி கடல். தோணியைத் தள்ளிக்கொண்டு எதிரே இருக்கிற தீவுக்குப் போய்விட்டால் குதிரை கரையில் நின்று கனைக்க வேண்டியதுதான். ஆனால் தோணியைத் தள்ளவும் கிழடு கட்டைகளை ஏற்றவும் நேரம் வேண்டுமே. அந்த நேரத்தைக் கொடுத்தது இந்தக் குருவி.

பனங்காட்டில் புழுதி எழும்பினால் போதும், ஒரே கத்தாகக் கத்தும். மற்ற நாளில் அது இருக்கிற இடமே தெரியாது. வெட்டியாக வாய் திறக்காத குருவி என்பதால், கத்தினால் ஊர் நம்பியது. உலையைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். அப்படி எத்தனையோ தடவை தப்பினார்கள்.

ஊர் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. குருவியின் முட்டைகளை ஒரு வருசம் பாம்பு தின்றது, மறு வருசம் காக்காய் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஊரார் மரத்தைச் சுற்றி முள் கட்டினார்கள், காக்காய்களை விரட்டினார்கள். தெக்கிளம்மாள் என்று கருவாடு காயப்போடுகிற ஒரு பெண், புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அஞ்ஞேசு என்ற ஒரே மகளோடு இருந்தவள், தினமும் ஒரு பிடி கூனி இறாலைக் கொண்டுவந்து மரத்தடியில் தூவிவிட்டுப் போவாள். அந்த வருசம் குருவி மறுபடியும் முட்டையிட்டது. ஒன்றும் சேதமில்லை. குருவியைக் கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோசம்.

அந்த வருசத்துக்குச் சில வருசம் முன்னால்தான் இலாரியார் என்ற தவசி ஊருக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு என்மேல் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊரில் வைசூரி போட்டபோது பெற்றவர்களே தொட அஞ்சிய பிள்ளைகளை மடியில் கிடத்திக் கழுவினார். பிணத்தைத் தோளில் சுமந்தார். தன் பங்குக் கஞ்சியைப் பாதி நாய்க்கு ஊற்றினார். அவர் நடந்த மண்ணை எடுத்துத் தாய்மார்கள் பிள்ளை நெற்றியில் பூசினார்கள். உயிரோடு இருக்கும்போதே அவரை அர்ச்சிஷ்டவர், புனிதர் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது ஒரு மனிதனுக்கு நல்லதா என்று யாரும் யோசிக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். சத்தம் ஆகாது. சர்வேசுரன் மௌனத்தில்தான் இறங்குவார் என்பார். ஆண்டவர் பட்ட பாடுகளை நினைக்கிற தபசு காலம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, பெரிய வியாழன் பொழுது சாய்ந்ததும் வாயைச் சாத்தினாரென்றால் சனிக்கிழமை ஆண்டவர் உயிர்த்த மணி அடித்த பிறகுதான் திறப்பார். வருசா வருசம் அப்படித்தான். அவர் வாழ்நாளில் அதை உடைத்ததே இல்லை.

இதோடு நின்றிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. ஊர்த்தலைவர் பட்டங்கட்டி கஸ்பாருக்கு வேறொரு நோக்காடு இருந்தது. வருசத்துக்கு ஒரு முறை வருகிற பாதிரியார், போன வருசம் பக்கத்துத் துறையில் பெரிய வெள்ளியைக் கொண்டாடிவிட்டு, அங்கே பக்தி வானத்துச் சம்மனசுகளின் பக்தி போல இருந்தது என்று சொல்லிவிட்டாராம். பக்கத்துத் துறைக்காரர்கள் அதைச் சந்தையில் வைத்து முள்ளித்துறைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார்கள். கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. இலாரியாரிடம் வந்து, இந்த வருசம் நம் ஊரில் ஓர் இலைகூட அசையக் கூடாது சாமி, ஆண்டவர் உயிர் விடுகிற நேரத்தில் இந்தக் கரையிலேயே நம் ஊர்தான் செத்த ஊர் போலக் கிடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். என்ன வாயோ!

இலாரியாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. கோவில் மணியைத் துணியால் சுற்றினார்கள். தோணிகளையெல்லாம் மேட்டுக்கு இழுத்துத் துக்கத்துக்கு அடையாளமாகக் கவிழ்த்துப் போட்டார்கள். நாய்களிடம் இலாரியாரே பேசினார். அவை அவர் கையால் கஞ்சி குடித்தவை, தலையாட்டின. சேவல்தான் முறுக்கிக்கொண்டது. பேதுருவையே அழவைத்த சாதி நாங்கள், எங்களையா அடக்கப் பார்க்கிறீர்கள் என்று கொண்டையைச் சிலுப்பியது. அதன் அலகைப் பனைநாரால் கட்டிக் கூடையைக் கவிழ்த்தார்கள். மிச்சமிருந்தது குருவி.

இலாரியார் மணல்மேட்டுக்குப் போய், வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சனிக்கிழமை மணி அடிக்கிறவரை வாய் திறக்கக் கூடாது என்று சொன்னார்.

“குதிரை வந்தா, சாமி?” என்று கேட்டது குருவி.

“ஆண்டவர் பாத்துக்குவார். ஏரோது ராசா முன்னால நிறுத்தினப்ப அவர் ஒரு வார்த்தை பேசினாரா?”

“அவர் பேசாம இருந்தார், அவர் செத்தார். நான் பேசாம இருந்தா ஊருல்லா சாவும்?”

இலாரியாரின் முகம் கறுத்துவிட்டது. இப்படி அவரிடம் யாரும் பேசியதில்லை. விறுவிறுவென்று மேட்டை விட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகு கஸ்பார் வந்தார், பின்னால் இரண்டு பேர் கோடாலியோடு. அர்ச்சிஷ்டவர் மனசை நோகடித்த குருவிக்கு இந்த ஊரில் மரம் எதற்கு என்று கேட்டார். குருவி கூட்டைப் பார்த்தது. முட்டைகள் பொரிக்கிற நாள் நெருங்கியிருந்தது.

கடைசியில் தெக்கிளம்மாள் வந்தாள். அவள் மிரட்டவில்லை. மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற மகளிடம் பேசுகிற மாதிரி பேசினாள். சாமி இல்லாவிட்டால் வைசூரியில் என் அஞ்ஞேசு போயிருப்பாள், அவர் கேட்கிறது ஒரே ஒரு பொழுது, அதையும் ஆண்டவருக்காகத்தானே கேட்கிறார் என்றாள். மரத்தை வெட்டினால் உன் முட்டையும் போகும், வேறு காவலும் எங்களுக்கு இல்லை, நான் யாரிடம் போய் நிற்பேன் என்று அழுதாள்.

“ஒத்த நாளு வாயைக் கட்டிக்கோ தாயி. வருசமெல்லாம் விட்டுட்டு அன்னைக்கின்னு பாத்தா குதிரை வந்துரும்?” என்றாள்.

குருவி இறங்கி வந்தது. இலாரியார் நீட்டிய, சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தின் மேல் கால் வைத்து, அவர் சொல்லச் சொல்ல வாக்குக் கொடுத்தது. சனிக்கிழமை மணி அடிக்கிறவரை வாய் திறக்க மாட்டேன், திறந்தால் என் முட்டை பொரிக்காமல் போகட்டும் என்று சொன்னது. சொன்ன கையோடு, ஆபத்து அவசரம் வந்தால் இந்தக் கட்டை அவிழ்க்க வழி உண்டா என்று கேட்டது. உண்டு, கட்டியவன் நான், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவிழ்ந்துவிடும் என்றார் இலாரியார். குருவிக்கு உயிர் வந்தது.

வியாழன் சாயங்காலத்திலிருந்து இலாரியாரே வாய் திறக்க மாட்டார் என்பது ஊருக்குத் தெரியும், குருவிக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை, போங்கள். பக்தி தலைக்கேறினால் எதிரே இருக்கிற மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

பெரிய வெள்ளி விடிந்தது. அப்படியொரு மௌனத்தை அந்தக் கரை கண்டதில்லை. பால் குடிக்கிற பிள்ளையின் வாயில்கூடத் துணியை நனைத்து வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஊர் மொத்தமும் கோவிலுக்குள் போய்க் குப்புற விழுந்து கிடந்தது. இலாரியார் பீடத்தின் முன்னால் இரண்டு கையையும் சிலுவையாக விரித்துக் கிடந்தார். கஸ்பாருக்குப் பெருமையில் முதுகு சிலிர்த்தது.

பனங்காட்டில் புழுதி எழும்பியது.

குதிரைக்காரர்களுக்கு அது வெறும் வெள்ளிக்கிழமை. ஏதோ ஓர் ஊரை நோக்கிக் கிளம்பினவர்கள், முள்ளித்துறை வழியில் இருந்தது, வந்தார்கள். குருவி கண்டுவிட்டது. தொண்டைவரை வந்த சத்தத்தை விழுங்கிக்கொண்டு கோவிலுக்குப் பறந்தது. இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை கிடைத்தால் போதும்.

ஓலைக்குள் நுழைந்து இலாரியாரின் அங்கியை அலகால் பிடித்து இழுத்தது. அவர் அசையவில்லை. தலையில் உட்கார்ந்து இறக்கையால் அடித்தது. வாசலுக்குப் பறந்து போய், திரும்பி வந்து, மறுபடி வாசலுக்குப் பறந்தது. முதலில் பார்த்தவள் தெக்கிளம்மாள்தான். குதிரைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். எழுந்தால் நூறு கண் பார்க்குமே என்று பயந்து, சாமி எழுந்திருக்கட்டும், சாமி எழுந்தால் நானும் எழுந்திருப்பேன் என்று கிடந்துவிட்டாள்.

இலாரியார் எழுந்தார். வாசலுக்கு வந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து மேற்கே பார்த்தார். புழுதி நன்றாகத் தெரிந்தது. குருவி அவர் காலடியில் நின்று அவர் வாயையே பார்த்தது. அவர் உதடு அசைந்ததையும் பார்த்தது.

அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. காற்று எழும்பிக் குதிரைகளை மணலில் மூடும் என்று நம்பினாரோ, வாழ்நாளெல்லாம் காத்த மௌனத்தை ஆண்டவர் உயிர் விடுகிற நேரம் பார்த்து உடைக்கச் சொல்வது பிசாசாக இருக்குமோ என்று பயந்தாரோ, யாருக்குத் தெரியும்? அவர் தன் உதட்டின் மேல் விரலை வைத்தார். குருவியைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தார். திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் முழங்காலிட்டார். எழப் பார்த்த தெக்கிளம்மாளும் அதைக் கண்டு மறுபடி குப்புற விழுந்தாள்.

குருவி மரத்துக்குத் திரும்பி வந்தது. கத்தியிருக்கலாம். அதைத்தான் இன்றுவரை எல்லோரும் கேட்கிறோம், ஏன் கத்தவில்லை என்று. அது கூட்டின் மேல் போய் உட்கார்ந்தது. வயிற்றுக்கு அடியில் ஒரு முட்டைக்குள்ளிருந்து குஞ்சு ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. சாமியே பார்த்துவிட்டார், சாமியே வேண்டாம் என்றார், அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு அடைகாத்தது. குதிரைக் குளம்பின் சத்தம் காதில் விழுகிறவரை அப்படியே இருந்தது.

முதல் குதிரை மரத்தடிக்கு வந்தபோதுதான் அதற்குத் தாங்கவில்லை. வாக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்தியது. அந்தக் கரையே அதிர்ந்தது. கத்துகிற குருவியைக் குதிரைக்காரன் அண்ணாந்து பார்த்தான். கையிலிருந்த பந்தத்தைப் பற்றவைத்து மரத்தைச் சுற்றியிருந்த முள்ளில் எறிந்தான். காய்ந்த முள். குருவியைக் காப்பாற்ற ஊர் கட்டின முள். மரம் அடியிலிருந்து நுனிவரை பற்றிக்கொண்டது. குருவி கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. உள்ளே இருந்தவற்றில் ஒன்றைக்கூட அதனால் தூக்க முடியவில்லை.

ஊரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? கவிழ்த்துப் போட்ட தோணிகளை நிமிர்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓட முடிந்தவர்கள் கடலில் குதித்து நீந்தினார்கள். கஸ்பார் நன்றாக நீந்துவார். முடியாதவர்கள் வெட்டுப்பட்டார்கள். வயசுப் பிள்ளைகளைக் கயிற்றில் கோத்தார்கள். தெக்கிளம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அஞ்ஞேசைக் குதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இலாரியாரைப் பீடத்தின் முன்னாலேயே வெட்டினார்கள். கடைசிவரை அவர் வாய் திறக்கவில்லை.

தப்பினவர்கள் தீவிலிருந்து திரும்பி வந்து பிணங்களை அடக்கம் செய்தார்கள். பிறகு, இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டுமல்லவா, ஆளுக்கொரு காரணம் தேடினார்கள். கஸ்பார்தான் முதலில் கண்டுபிடித்தார். சாமி வேதசாட்சியாகச் செத்தார் என்றார். எல்லாம் முன்கூட்டியே தெரிந்து, ஊரின் பாவத்துக்காகத் தன்னைக் கொடுத்தாராம். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். கல்லறை மண்ணைக் கரைத்துக் குடித்தால் காய்ச்சல் விட்டது. பாதிரியார் வந்து, கதையைக் கேட்டு, மண்டியிட்டு அழுதார். பக்கத்துத் துறையில் வேதசாட்சி யாரும் கிடையாது. கஸ்பார் சந்தைக்குத் தலைநிமிர்ந்து போனார். இலாரியாருக்கு ஒரு சிறிய கோவில் எழும்பியது, உதட்டின் மேல் விரல் வைத்த சுரூபத்தோடு. ரோமாபுரியில் யாருக்கும் அவரைத் தெரியாது. அந்தக் கரையில் தெரியாதவர்கள் இல்லை.

சாமி குற்றமில்லை என்றால் குற்றம் வேறு யாருடையதாவது இருக்க வேண்டுமே. காவலுக்கு இருந்தது யார்? கத்தாமல் இருந்தது யார்?

குருவி வீடு வீடாகப் போய்ச் சொன்னது. நான் அவரிடம் போனேன், அவர் வாசலுக்கு வந்தார், புழுதியைக் கண்ணால் பார்த்தார், விரலை வைத்தார் என்று சொன்னது. செத்த அர்ச்சிஷ்டவர் மேல் பழி போடுகிறாயா என்று துடைப்பத்தால் அடித்தார்கள். கடைசியாகத் தெக்கிளம்மாளிடம் வந்தது. அவள் கரையில் உட்கார்ந்து, மேற்கே போகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூனி இறால் காயவில்லை, கருவாடு காயவில்லை. குருவியைக் கண்டதும் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அது குருவியின் கண்ணோரத்தில் பட்டு ரத்தம் வடிந்தது.

“நீதானே வாயைக் கட்டிக்கோன்னு சொன்னே?” என்றது குருவி.

“ஆமா, சொன்னேன்,” என்றாள் தெக்கிளம்மாள். “நீ எதுக்கு அதைக் கேட்டே?”

குருவி பறந்து போகவில்லை. அவளும் அடுத்த கல்லை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குருவி பறந்து, ஊருக்கு வெளியே தரிசு நிலத்தில் போய் இறங்கியது.

அங்கே அது பேச்சை விட்டது. பேச்சு இருந்ததால்தானே வாக்குக் கேட்டார்கள்? இனி ஒரு மனிதனும் என்னிடம் வாக்கு வாங்க முடியாதபடி ஆக்கிக்கொள்கிறேன் என்று வார்த்தைகள் அத்தனையையும் தொண்டையிலிருந்து துப்பிவிட்டு, கத்தலை மட்டும் வைத்துக்கொண்டது. மரத்தையும் விட்டது. யாராவது வெட்டுவேன், கொளுத்துவேன் என்று மிரட்டுகிற இடத்தில் இனி முட்டையிடுவதில்லை என்று வெறுந்தரையில், கல்லோடு கல்லாகக் கிடக்கிற மாதிரி புள்ளி போட்ட முட்டையை இட்டது. கண்ணோரத்துக் காயம் மட்டும் ஆறவே இல்லை. சிவப்பாகத் தொங்கிக்கொண்டு இருந்துவிட்டது.

ஆளைக் கண்டால் கத்தியது. திருடன் வந்தாலும் கத்தியது, தீர்த்தம் கொண்டுபோகிற கோவில்பிள்ளை வந்தாலும் கத்தியது. ஆடு மேய்க்கிறவன், பிணம் தூக்குகிறவர்கள், தாலி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்று யாரையும் விடவில்லை. இவன் நல்லவன், இன்றைக்கு நல்ல நாள், கொஞ்சம் பொறுப்போம் என்று ஒரு முறை பொறுத்ததற்குப் பட்டது போதும் என்று இருந்துவிட்டது. முதல் சில நாள் ஊரார் அரண்டுபோய்த் தோணிக்கு ஓடினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் வந்தது ஏதோ உப்பு விற்கிறவன். பிறகு நடந்து போய்ப் பார்த்தார்கள். பிறகு அதையும் விட்டார்கள். ஆள்காட்டி என்று ஏளனமாகப் பெயர் வைத்தார்கள். மறுவருசம் பெரிய வெள்ளி மத்தியானம் கோவில் நிறைந்திருந்தபோது வெளியே அது கத்திக்கொண்டே இருந்தது. யாராவது போய் அந்தச் சனியனை விரட்டுங்கள், இலாரியார் சாமி கோவிலில்கூட நிம்மதியாகச் செபம் செய்ய முடியவில்லை என்று உள்ளேயிருந்து ஒருத்தர் சொன்னார். எழுந்து போனவர் கல்லை மட்டும் பொறுக்கினார். மேற்கே திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரமேறாமல், ராப்பகல் பாராமல், வருகிற ஆளையெல்லாம் பார்த்துக் கத்துகிறது. அன்று முதல்தான் அது என்ன கத்து கத்தினாலும் நாம் யாரும் தலையைத் திருப்புவதில்லை.